சாப்பாட்டு இடைவேளையில் யாரோடும் பேசக் கூடாது

நாலு வருஷம் ஒரு வழக்கு நடந்தால் அதில் யாருக்கும் கோபம் மிச்சமிருக்காது. களைப்புதான் இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீலம்மாகூட அன்று காலையில் கொட்டாவியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்டார். பதில் சொல்ல உட்கார்ந்திருந்தவரைப் பம்ப் தொழிற்சாலையில் எல்லோரும் காதுக்காரர் என்பார்கள். இருபத்தெட்டு வருஷமாக அங்கே சோதனைப் பிரிவு அவர் பொறுப்பு. ஓடுகிற பம்பின் பேரிங் மேல் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அதிர்வை அளக்கிற மீட்டர் அப்புறம் வந்து ஆமாம் போடும்.

தொழிற்சாலை முதலாளி அவருடைய தங்கை வீட்டுக்காரர். இவருக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு இவர் மச்சான். எழுபது பேர் வேலை பார்க்கிற இடத்திலும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மத்தியானச் சாப்பாடு இரண்டு பேருக்கும் ஒரே மேஜையில்.

வழக்கு இதுதான். கடல் தாண்டி இருக்கிற ஒரு தண்ணீர் கம்பெனிக்கு எட்டுப் பெரிய பம்ப் செய்து அனுப்பினார்கள். மூன்றே மாதத்தில் ஆறாம் நம்பர் பம்பின் பேரிங் நொறுங்கி, தண்டு முறிந்து, குழாய் பிடுங்கிக்கொண்டு, பம்ப் அறையே முழுகிவிட்டது. மற்ற ஏழும் அதோடு பாழ். தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓட்டிக் கெடுத்தீர்கள் என்றார்கள் இவர்கள். வரும்போதே பேரிங்கில் கோளாறு என்றார்கள் அவர்கள்.

எங்கே போய் நியாயம் கேட்பது? உன் ஊர் கோர்ட்டை நான் நம்பமாட்டேன், என் ஊர் கோர்ட்டை நீ நம்பமாட்டாய். ஒப்பந்தத்தின் கடைசிக்கு முந்தின பக்கத்தில், கையெழுத்துப் போடும் அவசரத்தில் யாரும் படிக்காத இடத்தில், இதற்கு ஒரு வழி எழுதியிருந்தது. இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது நாட்டில் நடுவர்கள் உட்கார்ந்து தீர்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு நடுவரைப் பொறுக்கலாம். அந்த இரண்டு பேரும் சேர்ந்து தலைமைக்கு ஒருவரைத் தேட வேண்டும். தேடி முடிக்க ஒன்பது மாதம் ஆயிற்று. பெண்ணுக்கு வரன் பார்ப்பவர்கள்கூட இதைவிடச் சீக்கிரம் முடித்திருப்பார்கள். அப்புறம் இவர்கள் எழுதியதற்கு அவர்கள் பதில், அந்தப் பதிலுக்கு இவர்கள் பதில், இரண்டு பக்கமும் நிபுணர் அறிக்கை என்று கோப்புகள் குட்டி போட்டுக்கொண்டே போயின.

கடைசியில் விசாரணை என்று வந்து பார்த்தால் கறுப்பு அங்கி இல்லை, கூண்டு இல்லை. அலுவலகக் கட்டடம் ஒன்றின் பதினோராம் மாடியில் நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், ஏ.சி.யின் உறுமல். பார்க்கிறவர்கள் ஏதோ கம்பெனி மீட்டிங் என்று நினைப்பார்கள். ஆனால் இந்த மூன்று பேர் எழுதிக் கொடுப்பதுதான் முடிவு. தீர்ப்புப் பிடிக்கவில்லை என்று அப்பீல் போக வழியில்லை. ஜெயித்தவன் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தோற்றவனின் நாட்டுக்கே போய், அந்த ஊர் கோர்ட்டை வைத்தே நிறைவேற்றிக்கொள்ளலாம். தோற்றால் தொழிற்சாலை போய்விடும் என்று காதுக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வருஷம் எதிர்த்தரப்பே இறங்கி வந்தது. நஷ்டத்தை ஆளுக்குப் பாதியாக ஏற்றுக்கொண்டு முடித்துக்கொள்வோம் என்றார்கள். மாப்பிள்ளை ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்.

"என் மச்சான் காதுல தப்பா பட்டிருந்தா அந்த பம்ப் கேட்டைத் தாண்டியிருக்காது. நான் எதுக்குப் பாதி ஏத்துக்கணும்?"

அப்போது காதுக்காரர் பக்கத்தில்தான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போன பிறகும் ஆற்றிக்கொண்டே இருந்தார்.

இன்று காலை வக்கீலம்மா எட்டுச் சோதனைத் தாள்களையும் அவர் முன்னால் பரப்பினார். அவர் தன் மொழியில் கேட்க, மொழிபெயர்க்கிற பெண் அதைத் தமிழில் சொன்னாள்.

"முதல் ரெண்டு தாள்ல அதிர்வு அளவு வேற வேற இருக்கு. மூணுலேர்ந்து எட்டு வரைக்கும் எல்லாத்துலயும் ரெண்டாவது தாள்ல இருக்கிற அதே அளவு. புள்ளிக்கு அப்புறம் வர்ற எண்கூட மாறல. எப்படிங்க?"

"ஒரே மாதிரி செஞ்ச பம்ப். ஒரே மாதிரிதான் ஓடும்."

"ஒவ்வொண்ணுக்கும் மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். நடுவில் உட்கார்ந்திருந்த தலைமை நடுவர், மெலிந்த கிழவர், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இடைவேளை விட்டார். விடும்போதே காதுக்காரரிடம் ஒரு நிபந்தனையும் சொன்னார். அவர் சாட்சியம் பாதியில் நிற்கிறது. அது முடிகிற வரைக்கும் தன் தரப்பைச் சேர்ந்த யாரோடும், சொந்த வக்கீலோடுகூட, ஒரு வார்த்தை பேசக் கூடாது. யாராவது சொல்லிக் கொடுத்ததைச் சாட்சி வந்து ஒப்பிக்கக் கூடாதே என்று வைத்த வழக்கம்.

அவரை ஒரு சின்ன அறையில் தனியாக உட்கார வைத்து, தட்டில் ரொட்டியும் ஒரு பழமும் வைத்துவிட்டுப் போனார்கள். கண்ணாடிக் கதவு. மாப்பிள்ளை நடைபாதையில் போனார். வருஷக்கணக்காக ஒரே மேஜையில் சாப்பிட்ட மனிதர், பரீட்சை எழுதும் பிள்ளைபோல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார். வம்பு வந்துவிடக் கூடாதே என்று அவ்வளவு ஜாக்கிரதை. சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று தொங்கியது. எப்போது இப்படி இளைத்தார் மாப்பிள்ளை என்று காதுக்காரர் யோசித்தார்.

நடந்தது இதுதான். பம்புகளைச் சோதித்த அன்று, இரண்டாவதின் எண்ணை எழுதி முடித்ததும் மீட்டர் செத்துவிட்டது. கன்டெய்னர் லாரி வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறது, மறுநாள் கப்பல். மீட்டர் இல்லாவிட்டால் என்ன, காது இருக்கிறதே என்று மற்ற ஆறையும் ஸ்க்ரூடிரைவரிலேயே கேட்டார். தாளில் எழுத எண் வேண்டும், அதனால் இரண்டாவதின் எண்ணையே வரிசையாக எழுதிவிட்டார். உலகத்தில் வேறு எந்தச் சோதனைக்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்; அவனுக்கெல்லாம் தன் காது மேல் இவ்வளவு திமிர் இருந்திருக்காது. ஆனால் அந்த ஆறாம் நம்பர். அதில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டபோது உள்ளே மணலை மெல்லுகிற மாதிரி ஒரு நறநறப்பு, மிக மெல்லிசாக. இன்னொரு தடவை கேட்டார். இருந்தது. கிரீஸ் படிந்தால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

நாலு வருஷம் பேச நேரம் இருந்தது. மத்தியானம் மத்தியானம் எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு முட்டுகிறது. இப்போது பேசக் கூடாதாம். தலையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கத்தான் தோன்றியது. ரொட்டியைத் தொடாமலே எழுந்து உள்ளே போனார்.

மறுபடி உட்கார்ந்ததும் வக்கீலம்மா தாளைப் புரட்டத் தொடங்கினார். தலைமை நடுவர் கையை உயர்த்தி, தான் ஒன்று கேட்கலாமா என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நிதானமாகக் கேட்டார். மொழிபெயர்ப்புப் பெண் சொன்னாள்:

"உங்களை எல்லாரும் மீட்டரைப் பத்தியே கேக்குறாங்க. நான் சின்ன வயசுல கப்பல் இன்ஜின் ரூம்ல வேலை பாத்தவன். அங்கே பழைய ஆளுங்க கம்பியைக் காதுல வெச்சுக் கேப்பாங்க. நீங்க கேப்பீங்களா?"

காதுக்காரர் நிமிர்ந்தார். நாலு வருஷத்தில் இதை ஒருத்தரும் கேட்டதில்லை. வாக்குமூலம் எழுதும்போது அவர் ஸ்க்ரூடிரைவர் கதையைச் சொல்ல, அதை எழுதிய உள்ளூர் வக்கீலே, "அதெல்லாம் வேணாங்க, சிரிப்பாங்க" என்று அடித்துவிட்டார்.

"கேப்பேன்."

"ஆறாம் நம்பர்ல என்ன கேட்டீங்க?"

ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். மறுக்க இந்த உலகத்தில் சாட்சியே கிடையாது. ஆனால் பொய் சொல்லவும் உடம்பில் தெம்பு வேண்டும். அது காலையிலேயே தீர்ந்துவிட்டது. அவர் நடுவரைப் பார்க்கவில்லை. மேஜையின் அந்தக் கோடியில் இருந்த மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மீட்டர் கெட்டுப்போச்சு. ஆறு பம்புக்கு வெறும் காதுலதான் கேட்டேன். காலையில பொய் சொல்லிட்டேன். ஆறாம் நம்பர்ல சத்தம் இருந்துச்சு. ரெண்டு தடவை கேட்டேன். லாரி நிக்குதேன்னு விட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்றே பேர். மொழிபெயர்ப்புப் பெண் மூச்சு வாங்கி ஆரம்பிக்க இரண்டு மூன்று விநாடி ஆயிற்று. அதுவரைக்கும் நடுவர்கள் பேனாவோடு காத்திருந்தார்கள், இங்கே வாதாட அமர்த்தியிருந்த வெளிநாட்டு வக்கீல் புரியாமலே தலையாட்டிக்கொண்டிருந்தார், எதிர்த்தரப்பு வக்கீலம்மா தண்ணீர் குடித்தார். மாப்பிள்ளை முகம் மட்டும் ரத்தம் வற்றி வெளிறியது.

"அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே மச்சான்" என்றார். சத்தமாகக்கூட இல்லை.

அந்தப் பெண் தயங்கினாள். இதையும் சொல்ல வேண்டுமா என்பதுபோல் தலைமை நடுவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். கடமை தவறாமல் அதையும் மொழிபெயர்த்தாள். மூன்று நடுவர்களும் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

வக்கீலம்மா தன் தாள்களை அடுக்கினார். இனிமேல் கேட்க ஒன்றும் இல்லை என்றார். அவர் குரலிலும் ஜெயித்த சந்தோஷம் இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்கிற நிம்மதிதான் தெரிந்தது. தலைமை நடுவர் காதுக்காரருக்கு நன்றி சொல்லி, சாட்சியம் முடிந்தது, இனி யாரோடு வேண்டுமானாலும் பேசலாம் என்று விடுவித்தார்.

லிஃப்ட் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். திட்டினால் தேவலை என்றிருந்தது காதுக்காரருக்கு. மாப்பிள்ளை திட்டவில்லை. தன் போனை எடுத்து நீட்டினார்.

"காலையிலேர்ந்து மூணு தடவை கூப்பிட்டுட்டா உங்க தங்கச்சி. நீங்களே சொல்லிடுங்க மச்சான். என்னால முடியாது."

ஒரே மணியில் தங்கை எடுத்தாள்.

"என்னங்க, அண்ணன் பேசிட்டாரா?"

"நான்தாம்மா பேசுறேன்."

"அண்ணே! எப்படிப் போச்சு? பயந்துட்டீங்களா?"

"இல்லம்மா. இருந்த உண்மையைச் சொல்லிட்டேன்."

"அப்புறம் என்னண்ணே? உண்மையைச் சொன்னா நாமதான் ஜெயிப்போம்" என்றாள்.