பன்னிரண்டு மணிக்குத் திறக்கும் கோப்புறை

ரலிட்சா அவித்த கோதுமையைக் காகிதக் கிண்ணங்களில் அள்ளிக்கொண்டிருந்தபோது, கல்லறைகளுக்கு நடுவே பெய்ச்சேவ் வேகவேகமாக வந்தார். கையில் நான்கு கார்னேஷன் பூக்கள். செத்தவர்களுக்குப் பூ இரட்டைப்படையில்தான்; அதை மறக்கவில்லை. அம்மாவின் குழியை மூடிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

அம்மா வெனெட்டா ஊர்த் தண்ணீர் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களைப் பதினெட்டு வருடம் கட்டி மேய்த்தவள். பெய்ச்சேவ் அவளுடைய அதிகாரி.

"அம்மாவோட பாஸ்வேர்டு உனக்குத் தெரியும்ல?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"தெரியும்."

"ஒரே ஒரு தடவை உள்ள போயிட்டு வந்துடும்மா. பன்னெண்டுக்குள்ள." போனை நீட்டினார்.

செத்தவள் பெயரில் நேற்று கம்ப்யூட்டர் தானாகவே அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது: நாளை பன்னிரண்டு மணிக்குக் கோப்புறை திறக்கும். ஆறு வருடத்து அசல் தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகள் அந்தக் கோப்புறையில் இருந்தன. ஊருக்குக் காட்டியவை வேறு. அதைத் தான் ஒருவர் மட்டுமே திறக்கும்படி பூட்டச் சொன்னார் பெய்ச்சேவ், அம்மாவும் பூட்டினாள். கூடவே தானாக ஓடும் பத்து வரி ஸ்கிரிப்ட் ஒன்றையும் கம்ப்யூட்டரில் எழுதி வைத்தாள். மூன்று நாள் அவள் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வராவிட்டால், அலுவலக இணையதளத்தில் அந்தக் கோப்புறை எல்லோருக்கும் திறந்துவிடும். யாரும் படிக்கலாம். பெய்ச்சேவ் உட்பட யாரும் ஓர் எழுத்தையும் மாற்றவோ அழிக்கவோ முடியாது.

இதை ரலிட்சாவிடம் சொன்ன அன்று அம்மாவோடு பெரிய சண்டை. இப்போதே திறந்துவிட வேண்டியதுதானே, இது கோழைத்தனம் இல்லையா என்று கத்தினாள். அம்மா மிளகாய் வறுத்துக்கொண்டே சொன்னாள்: "உசுரோட இருக்கறவரைக்கும் எனக்குச் சம்பளம் வேணும்டி. செத்தவள எவன் வேலையவிட்டுத் தூக்குவான்?" அன்றைக்கு அம்மாவை மன்னிக்க முடியவில்லை. இன்று அவள்மேல் கர்வமாக இருந்தது.

"மெஷினை அணைச்சுடுங்களேன்," என்றாள்.

"அணைச்சா ஊருக்கே பம்பு நின்னுடும். அதுவும் உங்கம்மா பண்ணின வேலைதான்." பெய்ச்சேவ் பல்லைக் கடித்தார். "உன் மாமா பம்பு ஹவுஸ்லதான இருக்காரு? ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷம். யோசிச்சுக்க."

ரலிட்சாவின் கை நின்றது. மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஸ்டாமென் மாமா நிமிர்ந்தார்.

"என்ன வச்சுப் பேரம் பேசாதீங்க சார். நானும் அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறேன். என் அக்காவும் குடிச்சா." பிறகு மருமகளைப் பார்த்தார். "கொடுக்காத, குட்டி."

பெய்ச்சேவ் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் இருந்தது. "கெஞ்சிக் கேக்கறேம்மா," என்றார்.

ரலிட்சா ஒரு கிண்ணம் நிறையக் கோதுமை போட்டு, சர்க்கரை தூவி, பிளாஸ்டிக் கரண்டியைச் செருகி அவர் முன் நீட்டினாள். சுற்றிலும் ஊரே நின்றது. செத்தவருக்காகக் கொடுப்பதை அந்த ஊரில் யாரும் மறுப்பதில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வாங்கிக்கொண்டார். வாங்கியவர் செத்தவருக்காகச் சொல்ல வேண்டியதும் வாயில் தானாக வந்தது.

"கடவுள் மன்னிக்கட்டும்."

"சாப்பிடுங்க," என்றாள். "அம்மா வீட்டுக் குழாய்த் தண்ணியிலதான் அவிச்சேன்."

மாதாகோயில் மணி பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தது. அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. ஒரு கையில் கிண்ணம், மறு கையில் கரண்டி. ரலிட்சா அடுத்த கிண்ணத்தை எடுத்தாள்.