ஏழாம் கேள்வி

1

இந்தக் கதை என் தங்கையிடமிருந்து சுட்டது. அவள் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் சர்வே வேலை பார்க்கிறாள். ஊரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று தயாராகியிருந்தது. அவளுடைய படிவத்தில் ஏழாம் கேள்வி: "அந்தத் தண்ணீரைக் குடிப்பீர்களா?"

கதையை இப்படித் தொடங்கினேன்: "கதவு படாரென்று–"

வேண்டாம். எல்லாக் கதவுகளும்தான் அப்படிச் சாத்தப்பட்டன. "நீ குடிப்பியா?" என்று யாராவது திருப்பிக் கேட்டால், தங்கை பேனாவைத் தேடுகிற சாக்கில் பைக்குள் தலையை விட்டுக்கொள்வாளாம். அவளுக்கே அது அருவருப்புதான்.

2

அன்றைய கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவரும் அவர் மனைவியும். டிரைவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். மனைவி காலையிலேயே அளந்து வைத்துவிடுவார்.

ஏழாம் கேள்வியைக் கேட்டதும் அந்த அம்மா எழுந்துவிட்டார். "சாக்கடைத் தண்ணியா? இவரு உடம்புக்கா? நல்லா இருக்கும்மா நியாயம்!"

(முதலில் இவரைப் பிடிவாதக்காரி என்று எழுதி, அடித்துவிட்டேன். இரண்டு டம்ளர் கூடினால் கணவருக்கு மூச்சு முட்டும் என்று ஆறு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காப்பவர். அந்தக் கண்ணுக்கு இந்தத் தண்ணீர் வேறெப்படித் தெரியும்?)

3

டிரைவர்தான் மனைவியைப் பார்த்துப் பேசினார்.

"உக்காரும்மா. ஒரு தடவை என் ரத்தத்தைக் கழுவ நூத்தி இருபது லிட்டர் தண்ணி போகுது. இதை எப்படிப்பா சுத்தம் பண்றீங்கன்னு மெஷின் பாக்குறவரைக் கேட்டேன். பக்கத்து ரூம்ல நீளக் குழாய்ங்க, உள்ள அழுக்கை நிறுத்திட்டுத் தண்ணியை மட்டும் விடுற சவ்வு. இந்த நிலையத்துலயும் அதே மாதிரி சவ்வுதானாம். சவ்வுல வடிச்ச தண்ணி என் ரத்தத்தை ஒட்டி ஓடலாம், வாய்க்குள்ள போகக் கூடாதா?"

"அது ஆஸ்பத்திரிங்க," என்றார் மனைவி.

"சரி, அதை விடு. நல்ல கிட்னி ஒரு நாளைக்கு நூத்தி எண்பது லிட்டர் வடிகட்டுதாம். ஒண்ணரை லிட்டர்தான் வெளிய வருது. மிச்சமெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போயிடுது. உனக்குள்ள இப்பவும் அந்த வேலை நடக்குது. எனக்குத்தான் நின்னு போச்சு."

தங்கையின் கை தானாகத் தன் விலாவுக்குப் போனதாம்.

(இங்கே "மனித உடல் என்பது–" என்று ஒரு கட்டுரையை ஆரம்பித்தேன். அந்தக் கையைப் பார்த்து நிறுத்திவிட்டேன்.)

"என் கண்ணால பாக்கணும்," என்றார் மனைவி.

4

அடுத்த வாரம் தங்கை அந்த அம்மாவை நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். முதல் தொட்டியில் நாற்றம் தாங்காமல் இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கடைசிக் குழாயடியில் ஆபரேட்டர் பெண் கண்ணாடி டம்ளர் நிறையப் பிடித்து நீட்டினாள். கை அசைந்து வெளிச்சம் நெளிந்த பிறகுதான் அதில் தண்ணீர் இருப்பதே தெரிந்ததாம். இதைச் சொல்லும்போது என் தங்கையின் குரல் இறங்கிவிட்டது.

"நீ குடிப்பியாம்மா?" என்று அவளைக் கேட்டார் அந்த அம்மா.

"தினமும் இதான்மா. வீட்டுக்கும் கொண்டு போறேன். என் பொண்ணுக்கு மூணு வயசு, அவளும் இதைத்தான் குடிக்கிறா."

அந்த அம்மா தண்ணீரைப் பார்க்கவில்லை. சொன்னவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே மூச்சில் குடித்தார்.

"ருசியே இல்லையே."

"தண்ணிதானம்மா!"

மூவரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த டம்ளரைத் தங்கை கேட்டு வாங்கிக் குடித்தாள். அந்த அம்மா பையிலிருந்த பாட்டிலைக் கழுவி நிரப்பிக்கொண்டார்.

5

முடிவு ஒன்று: டிரைவர் குடித்துவிட்டு ஒரு பொன்மொழி சொல்கிறார். முடிவு இரண்டு: கடைசி நொடியில் மனைவி பாட்டிலைப் பிடுங்கி– இரண்டையும் அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். அன்றைய அளவிலிருந்து கழித்துக்கொண்டு, மனைவி அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். டிரைவர் கண்ணை மூடி, முதல் வாயை உள்ளேயே வைத்திருந்தார். தங்கை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பிறகு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன், அதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அவசரம் வேண்டாம். மனிதர் இன்னும் விழுங்கவில்லை.