இருட்டில் வைத்த விதை

“ஜன்னலக் கொஞ்சம் திறங்கம்மா, திருகாணி எங்க இருக்குன்னே தெரியல” என்றார் கட்டில்காரர், கட்டிலின் காலைத் தடவிக்கொண்டே.

நோயாளிகளுக்குக் கட்டில் வாடகைக்கு விடுகிறவர். தையல்காரியின் புருஷனுக்கு விடியற்காலையில் மூச்சு நின்றது. மதியத்துக்குள் தூக்கிக்கொண்டு போய், எல்லாம் முடிந்து, ஆட்கள் திரும்பியும் விட்டார்கள். கட்டிலுக்கு அதற்குள் வேறொரு வீட்டில் ஆள் காத்திருந்தது.

தையல்காரி திரைச்சீலையில் கை வைத்தாள்.

“திறக்காதம்மா!”

வீடே திரும்பிப் பார்த்தது. காலையிலிருந்து வாயே திறக்காத மகள், வாசற்படியில் நின்று கத்தினாள். பத்து வயது. முகம் வெளிறிக் கிடந்தது.

“அப்பாவுக்கு வெளிச்சம் ஆகாதுல்ல, அதான் புள்ள பயப்படுது” என்றாள் நாத்தனார், மூக்கைச் சிந்தியபடி. “ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்டவன். லைட்டுக்காரன், லைட்டுக்காரன்னு தெருவே கூப்பிட்டுச்சு. கடைசியில ஒரு பல்பக்கூடப் பாக்காம இருட்டுலயே போயிட்டானே.”

தையல்காரி திரையிலிருந்து கையை எடுத்தாள். அதே இடத்தில், அதே திரையில், நேற்றுச் சாயங்காலம் வைத்த கை.

மாதக் கணக்காகப் படுத்திருந்த மனுஷன், கடைசிச் சில வாரங்களாக ஜன்னலைத் திறக்கவே விடவில்லை. கண் கூசுகிறதாம். விளக்குப் போடக்கூடாது. பெருக்கக்கூடாது, தூசி நெஞ்சை அடைக்கிறதாம். மருந்தைக்கூட அவள் தடவித்தான் வாயில் ஊற்றினாள். ஆனால் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். குசுகுசுவென்று பேச்சு. சில நாள் சிரிப்புகூடக் கேட்கும். தையல்காரி உள்ளே போனால் நின்றுவிடும்.

நேற்று அவளுக்குப் பொறுக்கவில்லை. திரையை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள்.

“மூடுடி!” எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ.

“என் மூஞ்சியப் பாக்கக்கூடப் புடிக்கலயா உங்களுக்கு?”

“உன் மூஞ்சி எனக்கு மனப்பாடம். மூடு.”

நக்கல் என்றுதான் நினைத்தாள். சாகக் கிடக்கும்போதும் நக்கல்.

“அப்ப இருட்டுலயே கெடங்க” என்று சொல்லித் திரையை மூடி, கதவையும் சாத்திவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்தாள். விடியற்காலையில் கதவைத் திறந்தபோது பதில் சொல்ல ஆள் இல்லை.

“வேணாம், திறக்க வேணாம்” என்றாள் இப்போது கட்டில்காரரிடம். “கூடத்து லைட்டு வெளிச்சத்துல பாத்துக்குங்க.”

“கழட்டாம அப்படியே தூக்கிருவோம். கதவுல நுழையும்” என்றார் அவர். வாசலில் நின்ற தன் ஆளைக் கூப்பிட்டார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

“மெதுவா மாமா! மெதுவா! கீழ இருக்கு!” மகள் உள்ளே ஓடிவந்தாள்.

“என்னடி இருக்கு?”

கட்டில் நகர்ந்தது. சுவரோரமாக, தலைமாடு இருந்த இடத்தில், தரையில் ஒரு ஜாம் பாட்டில் நின்றது.

நாத்தனார் குனிந்தாள். “ஐயய்யே, என்ன இது புழு மாதிரி!”

“புழு இல்ல அத்தை. அவரை.”

ஈரப் பஞ்சின் மேல் ஒரு விதை வெடித்திருந்தது. அதிலிருந்து சோகை பிடித்த நிறத்தில் நூல் போல ஒரு தண்டு, பாட்டிலைத் தாண்டி நீண்டு, நிற்கத் தெம்பில்லாமல் வளைந்திருந்தது. உச்சியில் மஞ்சளாக, விரியாத இரண்டு இலை. இதன் ஜோடி சமையலறை ஜன்னலில் இருந்தது. அது குட்டையாக, பச்சைப் பசேலென்று நிற்பதைத் தையல்காரி தினமும் பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்கு என்று தெரியும். ஒன்று வெளிச்சத்தில், ஒன்று இருட்டில். இருட்டில் வைத்தது எங்கே என்று அவள் கேட்டதில்லை.

“அலமாரியில வைக்க வேண்டியதுதானடி?”

“அலமாரிய நீ எப்பப் பாத்தாலும் துணி எடுக்கத் திறப்பியே. ஒரு துளி வெளிச்சம்கூடப் படக்கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க. அப்பாதான் என் கட்டிலுக்கடியில வையின்னாரு.” மகள் மூச்சு வாங்கினாள். “‘அம்மாகிட்ட சொல்லாத, கூட்டும்போது எடுத்துச் சன்னல்ல வச்சுருவா. எனக்குக் கண்ணு கூசுதுன்னு சொல்லிக்கிறேன், நம்பிருவா’ன்னாரு.”

கட்டில்காரர் கட்டிலைக் கையில் பிடித்தபடியே நின்றார். அப்புறம் தன் ஆளிடம் கண்ணைக் காட்டி, சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோனார். நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போய்விட்டாள்.

தையல்காரி தரையில் உட்கார்ந்தாள்.

“இருட்டுல வச்சது செத்துரும்னு நான் சொன்னேன். இல்ல, அதுதான் நெட்டையா வரும், வெளிச்சத்தத் தேடி ஓடும்னு அப்பா சொன்னாரு. பந்தயம்” என்றாள் மகள். “அப்பா ஜெயிச்சுட்டாரும்மா. இவ்ளோ நெட்டையா ஆயிருச்சுன்னு நேத்து இருட்டுல தடவிப் பாத்து அவருதான் சொன்னாரு.”

பிறகு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேசியபோது குரல் மாறியிருந்தது.

“அம்மா.”

“ம்.”

“அப்பா எதையுமே பாக்காமப் போனது என்னாலயா?”

தையல்காரி மகளைப் பார்த்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்.

“யாருடி சொன்னா? அவருக்கு நெசமாவே கண்ணு கூசிச்சு. டாக்டரே சொன்னாரு.”

“நெசமா?”

“உன்கிட்டப் பெருமைக்கு அப்படிச் சொல்லியிருப்பாரு. அவரு நக்கலு உனக்குத் தெரியாதா?”

மகளின் தோள் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட்டில் பக்கம் தவழ்ந்து போனாள்.

“ஆனா கொஞ்சம் தப்பாயிருச்சும்மா. நேரா வளரல, பாரு, ஒரு பக்கமாவே சாஞ்சிருக்கு. எங்கிருந்தோ வெளிச்சம் வந்திருக்கு. டீச்சர் கேட்டா என்ன சொல்றது?”

தையல்காரி பார்த்தாள். தண்டு ஜன்னல் பக்கம் சாயவில்லை. கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. அந்தக் கதவுக்கடியில் விரல் நுழைகிற அளவு இடைவெளி. அதற்கு நேரே கூடத்தில் அவளுடைய தையல் மிஷின். அதன் கழுத்தில் வளைத்துக் கட்டிய சின்ன பல்பு. கல்யாணமான புதிதில் அவர் பொருத்திக் கொடுத்தது. ராத்திரி அவள் தைத்து முடிக்கும்வரை எரியும்.

“அம்மா, என்ன சொல்லட்டும்?”

தையல்காரி எழுந்து கூடத்துக்குப் போனாள். பாதி தைத்த ரவிக்கை நேற்று விட்ட இடத்தில் ஊசிக்கடியில் மாட்டிக் கிடந்தது. பல்பும் நேற்றிலிருந்து அணைக்காமல் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கக் கை நீட்டினாள்.

பிறகு கையை எடுத்துக்கொண்டு, மகளும் செடியும் உள்ளே இருக்க அந்த அறைக்கதவை மெல்லச் சாத்திவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, வெளிச்சம் கதவுக்கடியில் உள்ளே போவதைப் பார்த்தாள்.