கதவு எண் 18-ஏ

அரியலூரில் கதவு எண் பதினெட்டு வீட்டின் மாடிப் போர்ஷனை யாரும் கட்டவில்லை. தண்ணீர் தெளித்ததில் வந்தது. கொத்தனார் வரவில்லை, சித்தாள் வரவில்லை, ஒரு லோடு மணல்கூட இறங்கவில்லை. அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் தக்காளி விலை சொல்வதுபோல இதைச் சொல்வார்கள்.

திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்த 1995இல்தான் பஞ்சவர்ணமும் வேப்பந்தட்டையில் புருஷனைப் பிரிந்து, ஒரு தகரப் பெட்டியோடு அண்ணன் இராமலிங்கம் வீட்டுக்கு வந்தாள். அவர் லாரி ஓட்டப் போய் அரியலூரிலேயே வீடு கட்டிக்கொண்டவர். மாதத்தில் இருபது நாள் வெளியூர். வீட்டில் இருந்தது அவர் மனைவி ஆண்டாயி மட்டும்தான். மொட்டைமாடியைக் கூட்டும் வேலையை ஆண்டாயி நாத்தனாரிடம் விட்டாள். அந்த நாளில் ஆலைகளின் சிமெண்டுத் தூசி மாடியெல்லாம் படியும். அதைக் காய்ந்தபடியே கூட்டி அள்ளிவிட வேண்டும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பஞ்சவர்ணம் மலையடிவாரத்துச் செம்மண் வாசலில் பழகியவள். தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் விளக்குமாற்றைத் தொட்டாள். “ஈரத்துல கூட்டாதடி, இறுகிப்போயிடும்” என்று ஆண்டாயி கத்தினாள். “தெளிக்காம எப்படி அண்ணி கூட்டுறது?” என்று அவள் மறுநாளும் தெளித்தாள்.

ஒதுக்கிய ஓரமெல்லாம் வரப்பு கட்டியது. 97 பொங்கலுக்கு அது முழங்கால் உயரச் சுவர். அடுத்த வருஷம் வாசல் விட்டது, பஞ்சவர்ணம் குள்ளம் என்பதால் குள்ளமாகவே. கிழக்கிலும் வடக்கிலும் ஜன்னல் வைத்துக்கொண்டது. புருஷன் இருந்த மேற்கில் வைக்கவில்லை. அப்புறம் அடுப்பு மேடை, அதற்கு மேலே ஒரு புகைக்கூண்டு. லோடு இறக்கிவிட்டு வந்த இராமலிங்கம் ஒரு சுற்று சுற்றி, சுவரைத் தட்டிப் பார்த்து, “கம்பி போடலியே, நிக்குமா?” என்று மட்டும் கேட்டார். கூரை மூடியதும் பேரூராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. அனுமதி பெறாத கட்டடம், முப்பது நாளில் இடிக்கவும்.

பஞ்சவர்ணம் இடிக்க மாட்டேன் என்றாள். வேப்பந்தட்டை ரேஷன் கார்டில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அண்ணன் கார்டில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்தாள். தனிக் கதவு எண்ணும் தனி அடுப்பும் இருந்தால் தனிக் கார்டு தருவோம் என்று தாலுகா ஆபீசில் சொல்லியிருந்தார்கள். “ஒரு காயிதத்துலயாவது என் பேரு மொத வரியில இருக்கணும் சார்” என்று கட்டட ஆய்வாளர் கலைச்செல்வனிடம் சொன்னாள். அவர் கட்டட அனுமதிக்கும் கதவு எண்ணுக்கும் விண்ணப்பத்தை நிரப்பினார். சிமெண்டு எத்தனை மூட்டை என்று கேட்டார். “மூட்டையெல்லாம் இல்லீங்க. தெனம் ரெண்டு கொடம் தண்ணி.” அதையும் எழுதிக்கொண்டார்.

வரைபடம்தான் ஒத்துவரவில்லை. டேப் பிடித்து அளந்து, வரைந்து, சீல் வாங்குவதற்குள் போர்ஷன் நாலு விரற்கடை வளர்ந்துவிடும். மறுபடி அளப்பார். இதற்கிடையில் அரியலூர் தனி மாவட்டம் ஆனது, மறு வருஷமே இல்லாமல் போனது. கோப்பு பெரம்பலூருக்குப் பஸ் ஏறியது. பேரூராட்சி நகராட்சியானதும் எல்லாம் புது விண்ணப்பம் என்றார்கள். கலைச்செல்வனுக்கு மீசை நரைத்தது. இடிக்க ஆள் அனுப்பாமல் ஒவ்வொரு முறையும் ‘பரிசீலனையில்’ என்று எழுதிவைத்தது அவர்தான்.

2007இல் ஏழாவது வரைபடம் போட்டுவிட்டு, “மூணு மாசம் தெளிக்காம இருங்கம்மா. மாடிக்கு வழி வெளியிலதான் இருக்கணும். உள்ள படி இருந்தா ஒரே வீடுதான், தனி நம்பர் கிடையாது” என்றார். பஞ்சவர்ணம் குடத்தைக் கவிழ்த்துவைத்தாள். சுவர் அசையாமல் நின்றது. கடைசி ஆய்வன்று டேப் வரைபடத்தோடு இம்மி பிசகாமல் ஒத்துப்போனது. பேனாவைத் திறந்தவர் அடுப்பு மேடையருகே தரையைப் பார்த்தார். அங்கே ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு இருந்தது. அதிலிருந்து ஒன்பது படிகள் நேராக ஆண்டாயியின் சமையலறைக்கு இறங்கின.

“நேத்துகூட இது இல்லீங்க சார்!” என்றாள் பஞ்சவர்ணம். கீழே நின்ற ஆண்டாயி, மூன்று மாதமாகச் சமையலறை மூலையை மறைத்திருந்த சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“நாந்தான் இந்த மூலையில தெளிச்சேன். இவ தனி அடுப்பு மூட்டிட்டா மாசத்துல இருவது நாளு நா ஒத்தையில ஒக்காந்து திங்கணுமா?”

பன்னிரண்டு வருஷக் காத்திருப்பு அந்த ஒன்பது படியில் முடிந்துபோனது என்று தெரிந்தும் பஞ்சவர்ணத்துக்குக் கோபம் வரவில்லை. இறங்கிப் போய் அண்ணியின் மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டாள். கலைச்செல்வனும் அந்தப் படிகளிலேயே இறங்கி, ஆண்டாயி போட்ட காபியைக் குடித்து முடித்து, வரைபடத்தில் அந்த மூலையில் எழுதினார்: அலமாரி, தட்டுகள் ஒன்பது.

அந்த நவம்பரில் அரியலூர் மறுபடியும் மாவட்டமானது. மாடிக்கும் எண் வந்தது. 18-ஏ வீட்டின் குடும்பத் தலைவி பஞ்சவர்ணம் தினமும் நாலு மணிக்கு அலமாரியில் இறங்கி, பதினெட்டாம் எண் வீட்டுக்குக் காபி குடிக்க வருகிறாள்.