உபதேசியார் வீட்டில் பஞ்சு

என் வீட்டுக்காரர் கேப்ரியல் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. மலாயாவில் லாயாங் லாயாங் ரயில் ஸ்டேஷனில் சரக்குக் கொட்டகைக் கணக்கு எழுதும் கிராணி வேலை அவருக்கு. வந்த மூட்டையைத் தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, கொண்டுவந்தவன் முகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். கல்யாணமான புதிதில் நான் வைத்த மீன் குழம்பையும் அப்படித்தான் பார்த்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

ரயில்வே வேலை போதாதென்று ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த எங்கள் சின்னக் கத்தோலிக்கக் கோயிலுக்கும் அவர்தான் உபதேசியார். சாமியார் ஜொகூர் பாருவிலிருந்து மாதம் ஒருமுறைதான் ரயிலில் வருவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது, இறந்தவர்களை அடக்குவது எல்லாம் இவர் தலையில். யாராவது சாகக் கிடந்தால் சாமியாருக்குத் தந்தி அடிப்பார். சாகிறவர்களுக்குச் சாமியார் மந்திரித்த எண்ணெய் பூசுகிற அவஸ்தைப் பூசுதலுக்கு வேண்டியதையும் இவரே போய் எடுத்து வைப்பார். படுக்கைக்குப் பக்கத்தில் சின்ன மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, சிலுவையில் பாடுபட்ட சுரூபம், மெழுகுவத்தி. கண், காது, மூக்கு, உதடு, கை, கால் என்று பூசிய எண்ணெயைத் துடைக்கப் பஞ்சு. சாமியார் விரலில் ஒட்டிய பிசுக்கைப் போக்க எலுமிச்சம்பழம். இவர் பையும் கையுமாகத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குள் நுழைந்தாலே ஜனங்கள் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். "உபதேசியாரே, எங்க வீட்டுக்கு இல்லதானே?" என்று வாசலிலேயே கேட்டவர்கள் உண்டு.

பயந்த நோயாளிகளுக்கென்று இவர் ஒரு வழி வைத்திருந்தார். "இப்ப வேணாம். அசந்து தூங்கட்டும். அப்ப சாமியார் வந்து பூசிட்டுப் போயிடுவாரு. சீக்காளிக்கும் பயமில்ல, உங்களுக்கும் தொல்லையில்ல" என்று வீட்டாரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொல்வார். நல்ல யோசனை என்றுதான் எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவருக்கு இடது குதிகாலில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. கால் ஆணி என்று தானே முடிவு கட்டி, சவரக்கத்தியால் சீவிவிட்டார். ரத்தம் வந்தது, புண் ஆறவில்லை, கறுப்பு மட்டும் பரவிக்கொண்டே போனது. என்னிடம் மூச்சு விடவில்லை. வீட்டுக்குள்ளும் காலுறையோடு நடந்தார். கோயிலில் முழங்காலில் இருந்தபோது பின்னால் இருந்த நான் காலுறையில் கறையைப் பார்த்தேன். கேட்டதற்கு, "ஆஸ்பத்திரிக்காரன் காலை எடுக்கத்தான் பார்ப்பான்" என்றார். தொடையிடுக்கில் நெறி கட்டி, நடக்கவே முடியாமல் போன பிறகுதான் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார்.

வெள்ளைக்கார டாக்டர் காலைப் பார்த்தார். நெறியை அழுத்திப் பார்த்தார். அப்புறம் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். இவருக்கு இங்கிலீஷ் தெரியும், முன்னால் சொன்னால் விளங்கிவிடும் என்பதுதான் காரணம். டாக்டர் சொன்னதை, ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் சரவணமுத்து எனக்குத் தமிழில் சொன்னார். தோலில் வருகிற புற்று. உள்ளே இறங்கிவிட்டது. இனிக் காலை எடுத்தும் பிரயோஜனமில்லை. புண்ணைச் சுத்தமாகக் கட்ட வேண்டும், வலி தாங்காதபோது அபின் சேர்ந்த மருந்தைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சரவணமுத்து யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர். "அம்மா, அவருக்கு இதொண்டும் சொல்லாதேங்கோ. மனம் விட்டுப்போயிடும்" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

நான் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

"என்னவாம்?" என்றார்.

"கெட்ட ரத்தமாம். மருந்து போட்டா ஆறிடுமாம்."

"அதைச் சொல்லவா அவ்வளவு நேரம்?"

"நீங்க ஒழுங்கா மருந்து சாப்பிட மாட்டீங்கன்னு எனக்குப் புத்தி சொன்னாங்க."

"ஏன் மொகத்தைக் கழுவிட்டு வந்திருக்க?"

"வெயிலு."

அவர் வெளியே பார்த்தார். மழை வருவதுபோல் இருட்டிக் கிடந்தது. பொய் சொன்னேன்தான். அதற்காக நான் வருத்தப்படவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்து, நீங்கள் சாகப் போகிறீர்கள் என்று எந்தப் பொம்பளை சொல்வாள்?

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. முட்டை அவித்துக் கொடுத்தால், "என்ன திடீர்னு கவனிப்பு?" ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனால், "யாரு சொல்லி அனுப்புனா?" பக்கத்துக் குவாட்டர்ஸ் ராசம்மா என்னோடு அடுப்படியில் ரெண்டு வார்த்தை பேசினால் உள்ளேயிருந்து இருமல் வரும். பேச்சை நிறுத்தினால் இருமலும் நிற்கும். எனக்கும் அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தூங்குகிறாரா, கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுக் கேட்கிறாரா என்று கட்டிலருகே நின்று இமையையே பார்ப்பேன். ஒருவரையொருவர் காவல் காத்துக்கொண்டு எத்தனை நாள்தான் குடித்தனம் நடத்துவது?

புண் மோசமாகிக்கொண்டே வந்தது. அவருடைய பழைய வேட்டியை வெந்நீரில் அவித்து, வெயிலில் உலர்த்தி, பட்டை பட்டையாகக் கிழித்தேன். சீனன் கடையில் சொல்லிவைத்துக் குளுவாங் டவுனிலிருந்து பஞ்சு வரவழைத்தேன். வாடை அறையைத் தாண்டி வரத் தொடங்கியதும், ராசம்மா தன் வீட்டு மரத்து எலுமிச்சம்பழங்களைக் கொண்டுவந்து, "அறுத்து ரூம்ல வையிங்கக்கா, கொஞ்சம் அடங்கும் லா" என்றாள். எல்லாவற்றையும் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலிமேல் வைத்துவிட்டு வெந்நீர் எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது எழுந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் துணி, பஞ்சு, எலுமிச்சம்பழம். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாமியாருக்கு எப்ப தந்தி அடிச்ச?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, இது புண்ணு கட்டங்க!"

"பஞ்சு புண்ணுக்கு. துணியும் புண்ணுக்கு. எலுமிச்சம்பழம் எதுக்கு?"

உங்கள்மேல் நாற்றம் வருகிறது என்று எப்படிச் சொல்வது? தினமும் குளித்து, சட்டைக்குக் கஞ்சி போட்டு உடுத்துகிற மனுஷர். வாய் குழறிப்போய், "ரசத்துக்கு" என்றேன்.

"ரசத்தைப் படுக்கை ரூம்லயா வைப்ப?" என்று கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வலி மருந்தைக் கொடுத்தேன். தட்டிவிட்டார். "தூங்க வச்சுட்டுப் பூசலாம்னு பாக்குறியா? நான் சொல்லிக் குடுத்த வித்தையை என்கிட்டயே காட்டுறியா?" என்றார்.

சத்தியம் செய்தேன், அழுதேன், ஏசினேன். ஒன்றும் நடக்கவில்லை. மருந்தில்லாமல் அவர் பட்ட வேதனையை எப்படிச் சொல்வேன். வலி ஏறும்போது துண்டைச் சுருட்டிக் கடித்துக்கொள்வார். கட்டில் கட்டை கடகடவென்று ஆடும். சத்தம் மட்டும் போடமாட்டார், சத்தம் போட்டால் மருந்தோடு வந்துவிடுவேன் என்று. கண் சொக்கினால் தொடையைக் கிள்ளிக் கிள்ளி விழித்துக்கொண்டார். மரணத்துக்கு இல்லை, என் கைக்குத்தான் அவர் பயந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ராசம்மா, "காப்பியில கலந்துடுங்கக்கா, தெரியாது லா" என்றாள். நான் கலக்கவில்லை. ஆனால் மறுநாள் பகல் காப்பியைக் கொண்டுபோனதும், "நீ மொதல்ல ஒரு வாய் குடி" என்றாரே!

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. குடித்தேன். கோப்பையை ஜன்னல் கட்டையில் நங்கென்று வைத்தேன். பிறகு கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கேட்டுக்குங்க. அது புற்று. உள்ள எறங்கிடுச்சு. காலை எடுத்தாலும் நிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வராந்தாவுல சொன்னது அதான். அழுதுட்டுத்தான் மொகம் கழுவுனேன். சாமியாருக்கு நான் தந்தி அடிக்கல. எலுமிச்சம்பழம் நாத்தத்துக்கு. போதுமா?"

சரக்கு ரயில் ஒன்று போனது. ஜன்னல் அதிர்வது நின்ற பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நாத்தம் ரொம்பவா?"

"ரொம்ப."

"இவ்வளவு நாளா மூக்கைப் பொத்தாமத்தான் கட்டுனியா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். நான் பயந்ததுபோல் அவர் உடைந்துபோகவில்லை. எத்தனை நாளாகவோ தூக்கிக்கொண்டிருந்த மூட்டையை இறக்கி வைத்தவர்போல் தோளைத் தளர்த்தினார்.

"மருந்தைக் குடு," என்றார். "ஆனா தூங்கும்போது ஒருத்தனும் எனக்குப் பூசக்கூடாது. பூசுறதா இருந்தா நான் முழிச்சிருக்கணும். சாமியார் சொல்றதுக்கு நான் என் வாயால பதில் சொல்லணும். நீ பாத்துக்குவியா?"

"பாத்துக்குறேன்."

மருந்தை முழுக்கக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனார். நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்த அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

அந்தத் தூக்கத்தைக் கெடுக்கவென்றே வந்ததுபோல், பிற்பகல் ரயிலில் சாமியார் வந்து இறங்கினார். அவர் வருகிற நாளே இல்லை அது. டிரஸ்ஸர் சரவணமுத்துதான் மனசு கேட்காமல் ஜொகூர் பாருக் கோயிலுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். இவர் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை. ஆளைத்தான் மாற்றிச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

வெள்ளைக்காரச் சாமியார், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். கட்டிலருகே குனிந்து மூச்சைக் கவனித்தார். மூச்சு இழுத்து இழுத்து, நடுவில் நின்று நின்று வந்தது.

"நல்ல வேளையில் வந்தேன். அவனை எழுப்ப வேண்டாம் அம்மா. இப்படியே பூசிவிடலாம்" என்று பையைத் திறந்தார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "வேணாம் சாமி. முழிக்கட்டும்."

"இவன் விழிக்காமலே போனால்?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. நான் விசுவாசமில்லாதவள் இல்லை. காலமெல்லாம் கோயிலுக்கு உழைத்தவர், என் பிடிவாதத்தால் கடைசி அனுமானமான அந்தப் பூசுதல் கிடைக்காமல் போய்விட்டால்? ஆனாலும் நகரவில்லை.

"அவரு போயிட்டா சர்வேசுரனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன் சாமி. முழிச்சிட்டா அவருக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

சாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "சாயங்கால ரயிலுக்கு நான் போயாக வேண்டும்" என்று சொல்லிவிட்டுக் கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், முகம் கொடுக்கவில்லை.

நான் கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து அந்த மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கும்போதெல்லாம் என் மூச்சும் நின்றது. ஒருமுறை நின்றது வரவேயில்லை. சாமி என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் ஒரு பெருமூச்சாக வந்தது. எழுப்பிவிடலாமா என்றும் நினைத்தேன். எழுப்பினால் அந்த வலிக்குத்தானே எழுப்புகிறேன்? கை நீட்டுவதும் மடக்குவதுமாக வெயில் சாய்ந்துவிட்டது. ஸ்டேஷனில் மணி அடித்தார்கள். கூடத்தில் சாமியார் எழுந்து தொப்பியைத் தேடினார்.

அப்போதுதான் இவர் கண்ணைத் திறந்தார்.

முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் நின்ற வெள்ளை அங்கியைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது. அப்புறம் மெதுவாக என்மேல் வந்து விழுந்தது. அந்தப் பார்வை என் எதிரிக்கும் வேண்டாம். நான் சொல்லி அவர் நம்பப்போவதில்லை.

கையைத் தூக்கினார். ஒரு விரலால் கண்ணிமையைத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மற்ற இமையையும் தேய்த்து முகர்ந்தார். காது மடல். உதடு. உள்ளங்கை. எங்கேயும் எண்ணெய் இல்லை, வேர்வைதான்.

விரல் உதட்டருகே அப்படியே நின்றது. கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்து தலையணைக்குள் போனது.

"உக்கார வச்சுவிடு, அமலோ," என்றார். "படுத்துக்கிட்டே பதில் சொன்னா சரியா வராது."

நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினேன். வெளியே ரயில் வந்து நின்று, கிளம்பியும் போய்விட்டது. சாமியார் தொப்பியை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். இவர் தன் பாரம் முழுவதையும் என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, "ஆரம்பிங்க சாமி" என்றார்.