பேர்சி அண்ணையின் கடவுச்சொல்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. இங்கே துன் என்னும் ஏரிக்கரை நகரத்து ஹோட்டல் ஒன்றில் சமையல் வேலை செய்யும் பேர்சி அண்ணை, தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது சொன்னது. "எழுதினால் எழுதும், தம்பி. பேரை மட்டும் எழுதாதையும்" என்றார். எந்தப் பெயர் என்பது போகப்போகத் தெரியும். (தெரியாது. நான் எழுதமாட்டேன்.)

2.

முதல் தொடக்கம்: 'ஏரியின்மேல் பனிமூட்டம் இறங்கிய ஒரு சனிக்கிழமை...' சீ, வேண்டாம். அண்ணை ஏரியைப் பார்க்கவேயில்லை, கணினியைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது: 'லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் மென்பொருட்கள் பொதிகளாக...' கடவுளே, இது கதையா, பாடப்புத்தகமா?

நேரே சொல்கிறேன். மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவே ஹோட்டல் வேலையாட்களுக்குக் கிடைக்கும் ஓய்வுக்கு இங்கே ஜெர்மன் மொழியில் 'சிம்மர்ஸ்டுண்ட' என்று பெயர். அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தார். மறுநாள் பூசைக்கான பாட்டுத் தாளை அடித்து அனுப்பவேண்டும். முதல்நாள்தான் லினக்ஸைப் புதுப்பித்திருந்தார். தேவையற்ற மென்பொருள் பொதிகளை நீக்கவா என்று அது கேட்டதற்கு, வாசிக்காமலே ஓம் என்று சொல்லியிருந்தார். அதோடு தமிழ் விசைப்பலகையும் போய்விட்டது.

பெரிய வேலையில்லை. ஒரு கட்டளை கொடுத்தால் பொதி திரும்ப வரும். கொடுத்தார். திறக்கும்போது கேட்காமல், எதையாவது நிறுவும்போது மட்டும் கேட்கும் கடவுச்சொல்லைக் கணினி கேட்டது.

அங்கேதான் மனுசன் வசமாக மாட்டுப்பட்டார். அவருடைய கடவுச்சொல் தமிழில் இருந்தது. விசைப்பலகையை நிறுவக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லை அடிக்க விசைப்பலகை வேண்டும்.

(தமிழில் எவராவது கடவுச்சொல் வைப்பார்களா? இவர் வைத்தார். பதினாறு வருடத்தில் எத்தனையோ கணினி மாறியும் அதை மாற்றவில்லை.)

3.

அது ஒரு பெயர். ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோன மகளுக்கு அவர் வைத்தது. மருத்துவமனைப் படிவத்தில் பெயர் எழுதும் இடத்தை அவரும் மனைவி மக்டலின் அக்காவும் வெறுமையாக விட்டார்கள். அதன்பிறகு இருவரும் அந்தப் பிள்ளையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கதைத்தால் அக்கா உடைந்துபோவார் என்று இவருக்குப் பயம். ஆகவே எதையாவது நிறுவும்போது மட்டும் அந்தப் பெயரை அடிப்பார். அடிக்கும்போது திரையில் ஒரு எழுத்தும் தெரியாது, லினக்ஸின் வழக்கம் அது. "அதை அடிக்கிறதுக்கெண்டே தேவையில்லாத சாமானெல்லாம் நிறுவியிருக்கிறன்" என்றார் என்னிடம்.

அன்று கைபேசியை எடுத்தார். அக்கா அதே ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலையில் இருந்தார்.

"இஞ்சேரும், ஒரு பேரைத் தமிழில அடிச்சு அனுப்புமன். கொம்பியூட்டருக்கு வேணும்."

"ஆரின்ர பேர்?"

இந்த இடத்தில் ஒரு பொய் போதும். நானாயிருந்தால் சொல்லியிருப்பேன்.

"பிள்ளைக்கு... நான் வைச்ச பேர்."

அந்தப் பக்கம் அக்கா சலவை இயந்திரத்தை நிறுத்தியது கேட்டது.

"சொல்லுங்கோ" என்றார் அக்கா.

சொன்னார். அக்கா கைபேசியை வைத்துவிட்டார்.

4.

இதுவரை எழுதி, வில் என்னும் நகரில் இருக்கும் யதுசனுக்கு அனுப்பினேன். கணினி படித்தவன். என் கதைகளில் ஓட்டை தேடுவதென்றால் அவனுக்கு அவ்வளவு சந்தோசம். பத்து நிமிடத்தில் அழைத்தான்.

"விசர்க் கதை அண்ணை! அவர் மனிசியோட போனிலதானே கதைச்சவர்? அந்தப் போனில தமிழ் இல்லையோ? தானே அடிச்சுத் தனக்கே அனுப்பியிருக்கலாமெல்லோ?"

வெட்கமாய்ப் போய்விட்டது. ஒட்டுப்போட்டுப் பார்த்தேன். அவரிடம் இருந்தது பழைய பொத்தான் கைபேசி, ஆகையால்... இல்லை. அவருடைய கைபேசியில் சார்ச் தீர்ந்து, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி... இதுவும் இல்லை. கடைசியில் பேர்சி அண்ணையிடமே கேட்டேன்.

"ஓம், என்ர போனில தமிழ் இருந்தது" என்றார். "அது எனக்கு அப்பவே தெரியும்."

பிறகு கோப்பைக் கோப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "பதினாறு வருசம், தம்பி. அவவோட அதைக் கதைக்க ஒரு சாட்டு வேணுமெல்லே."

யதுசனிடம் இதைச் சொன்னேன். வழமைக்கு மாறாக அவன் அடுத்த ஓட்டையைத் தேடவில்லை.

5.

முடிவுக்கு இரண்டு வரைவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அக்கா அழுதார், மற்றதில் இவ்வளவு காலம் ஏன் மறைத்தீர்கள் என்று கோபித்தார். இரண்டையும் கிழித்துப்போட்டேன். நடந்தது இதுதான்.

கைபேசியை வைத்து இருபது நிமிடம் கழித்து அக்காவின் செய்தி மடிக்கணினித் திரையில் வந்து விழுந்தது. பெயர் தனியே வரவில்லை. அதற்கு முன்னால் 'எங்கட' என்று ஒரு சொல் சேர்த்திருந்தார்.

அண்ணை அதை அப்படியே முழுதாக எடுத்து ஒட்டினார். கடவுச்சொல் பிழை என்றது கணினி. முன்னாலிருக்கும் சொல்லை எடுத்துவிட்டால் சரி என்று அவருக்குத் தெரியாதா? மறுபடியும் முழுதாகவே ஒட்டினார். பிழை. மூன்றாம் முறையும் முழுதாகவே.

அந்த ஒரு சொல்லை அவருக்காக அழித்துக் கதையை முடிக்க நானும் எத்தனையோ தரம் முயன்றேன், கை வரவில்லை. உங்களுக்கு மனம் வந்தால் அழியுங்கள்.