ஒல்லாந்தருக்கு ஊற்றிய தண்ணீர்

தன் கதைக்கு யாராவது எதிர்ப்புச் சொன்னால் அது ஒரு வெள்ளைக்காரராகத்தான் இருக்கும் என்று துஷ்யா நினைத்திருந்தாள். வந்தது கிங்ஸ்பரியிலிருந்து, அதுவும் சுத்தத் தமிழில்.

லண்டன் கிங்ஸ்பரியில் சனிக்கிழமை தோறும் நடக்கும் தமிழ்ப் பள்ளி ஒன்றில் அவள் படிப்பிக்கிறாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அங்கே வாசிக்கக் கொடுப்பது நரிக் கதையும் காகக் கதையும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, கையில் போன் வைத்திருக்கும் பிள்ளை, எத்தனை நாளைக்குத்தான் நரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்? துஷ்யா நெதர்லாந்தில் வளர்ந்து பதினாறு வயதில் லண்டனுக்கு வந்தவள். ஒல்லாந்து மொழி வாசிப்பாள். வாரநாட்களில் ஸ்ட்ரெதத்தில் ஒரு பல் வைத்தியரிடம் நர்ஸ் வேலை. அந்த வேலைக்கு நடுவே இரண்டு வருடம் மல்லுக்கட்டி, யாழ்ப்பாணத்தில் முதன்முதலாகக் குடியேற வந்த ஒல்லாந்தர் குடும்பம் ஒன்றைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுதினாள். பள்ளிக் குழு அதைப் புத்தகமாக்கி வகுப்பில் வைப்பதாகச் சொன்னது. குழு வைக்காவிட்டால் லண்டனில் ஒரு பிள்ளையும் அதைத் தொடப்போவதில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு மின்னஞ்சல் வந்தது. கதை மிக அருமை, ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிடவும்.

அந்த அத்தியாயத்தில் தச்சுவேலைக்காரன் ஒருவன் மனைவியோடும் பத்து வயது மகள் மரியாவோடும் கப்பலால் இறங்கிக் கோட்டைக்கு நடந்து போகிறான். அவர்களுடைய பெட்டியைத் தலையில் சுமந்து வருகிறவள் ஊர்ச் சிறுமி சின்னி. நல்ல வெயில். வழியில் வேலி அடைத்த ஒரு பெரிய வளவு, உள்ளே வீடும் கிணறும். வீட்டுக்காரி ஓடிவந்து, கண்டறியாத அந்த வெள்ளைப் பிள்ளைக்குச் செம்பில் தண்ணீர் கொடுக்கிறாள். மரியா பாதி குடித்துவிட்டுச் செம்பைச் சின்னியிடம் நீட்டுகிறாள். வீட்டுக்காரி அதைப் பறித்துக்கொள்கிறாள். சின்னி வேலிக்கு வெளியே குந்தியிருந்து இரண்டு கையையும் ஏந்த, மேலே இருந்து ஊற்றுகிறார்கள். பாதி கையில், பாதி மண்ணில். மரியாவின் தகப்பன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கெட்டிக்காரன், அன்றைக்கே பாடம் படித்துவிட்டான். கோட்டைக்குள்ளும் அவன் சின்னிக்குத் தனித் தேங்காய்ச் சிரட்டைதான் வைத்தான்.

கப்பலும் மரியாவும் துஷ்யா கற்பனையில் செய்தவை. ஏந்திய கைகள் கற்பனை இல்லை. அவை பக்கத்து வகுப்பு ஆசிரியை அஞ்சலீனாவின் அம்மாவுடையவை. ஒல்லாந்தர் போய், ஆங்கிலேயரும் போய், நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துப் பதினைந்து வருடத்துக்குப் பிறகும் அந்த அம்மா பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அப்படிக் குந்தியிருந்துதான் தண்ணீர் குடித்தவர். இப்போது மகளோடு லண்டன் அப்டன் பார்க்கில் இருக்கிறார். ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது அஞ்சலீனா இதைச் சொல்லி, ஊரையும் வளவையும் சொன்னாள். துஷ்யா கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அது அவளுடைய அப்பப்பாவின் கிணறு. மறைக்காமல் அப்போதே சொன்னாள். அப்படியென்றால் அதையும் உன் கதையில் எழுது என்றாள் அஞ்சலீனா.

மின்னஞ்சல் வந்த அடுத்த சனிக்கிழமை மதியம், வகுப்புகள் முடிந்த பிறகு கூட்டம். வாடகைக்கு எடுத்த ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு அறையில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த கதிரைகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தார்கள். தலைவர் பத்மநாதன் வீடு விற்றுக் கொடுக்கும் தொழில் செய்கிறவர், பிள்ளைகளுக்காக ஓடியாடி உழைப்பவர், அதில் குறை சொல்ல முடியாது. செயலாளர் நகுலேஸ்வரி குறிப்பெடுத்தார். அஞ்சலீனா மேசையின் கடைசியில் இருந்தாள்.

பத்மநாதன் நிதானமாகத்தான் தொடங்கினார். துணிக்குச் சாயம் எடுக்கும் சாயவேரைக் கிண்டிய சனங்களை ஒல்லாந்தர் சவுக்கால் அடித்த இடத்தை வாசித்தபோது தனக்குக் கண் கலங்கியது என்றார். வெள்ளைக்காரன் செய்த அநியாயம் நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரியவேண்டும் என்றார். நகுலேஸ்வரி தலையாட்டினார். பிறகு பத்மநாதன் கிணற்றுக்கு வந்தார்.

“உதுகளைப் பிள்ளையள் வளந்தாப் பிறகு தாங்களாத் தேடிப் படிக்கட்டும். இப்ப என்னத்துக்கு எங்கடை ஊத்தையை நாங்களே வீதியிலை போடுவான்?”

துஷ்யாவுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. மற்றவன் அடித்த அடியைச் சொல்லப் பன்னிரண்டு வயது போதும், நாம் கொடுக்காத தண்ணீரைச் சொல்ல மட்டும் வயது காணாதாம். இதைத்தான் கொஞ்சம் மரியாதையான சொற்களில் அவள் சொன்னாள். நடந்ததுதானே என்று கேட்டாள். பத்மநாதன் குரலைத் தாழ்த்தி, ஏதோ சுகம் விசாரிப்பவர் மாதிரிக் கேட்டார்.

“நீர் ஊரிலை எவடம்?”

நம்மவர் கேட்கும் விதம் அது. லண்டனில் முப்பது வருடம் இருந்து, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் எடுத்து, கவுன்சில் தேர்தலில் இனவாதத்துக்கு எதிராக வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்த மனிதர். சாதி என்ற சொல் அவர் வாயில் வராது, வரவே வராது. முதலில் ஊர். பிறகு கோயிலுக்குக் கிழக்கா மேற்கா. பிறகு எந்தத் தெரு, எந்த ஒழுங்கை, யாருடைய வளவுக்குப் பக்கம், அப்பாவின் தகப்பன் பெயர் என்ன. கேள்வி அப்படியே ஒழுங்கை ஒழுங்கையாக நடந்துபோய் வீட்டு வாசலில் நிற்கும். இப்படி ஒரு அத்தியாயத்தை ஒருத்தி எழுதினால் அவள் அந்த வேலிக்கு வெளியே குந்தியிருந்தவர்களின் பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும் என்று மனிதர் முடிவு கட்டிவிட்டார்.

துஷ்யா பதில் சொல்லியிருக்கக் கூடாது. அந்தக் கேள்வியைத் தூக்கி அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் ஏமாறப்போவதைப் பார்க்கும் ஆசை அவளுக்கு வந்துவிட்டது. வெல்லவும் வேண்டியிருந்தது. ஊரைச் சொன்னாள், கோயிலடி என்றாள், ஊருக்கே அதிகாரியாக இருந்த அம்பலவாணர் விதானையார் தன் அப்பப்பா என்றாள்.

“கதையிலை வாற கிணறு எங்கடை வளவுக் கிணறுதான்.”

பத்மநாதனின் முகம் மலர்ந்தே விட்டது. விதானையாரின் பேத்தியா, முதலே சொல்லியிருக்கலாமே என்றார். தன் மாமனார் அவருக்குத் தூரத்துச் சொந்தம் என்றார். நீர் என்றது நீங்கள் ஆயிற்று. தன் குடும்பத்தின் பிழையைத் தானே ஒத்துக்கொள்வதற்குப் பெரிய மனது வேண்டும், அது பிள்ளைகளுக்கு நல்ல முன்மாதிரி, அத்தியாயம் இருக்கட்டும் என்றார். நகுலேஸ்வரி ‘நீக்கவும்’ என்று எழுதியிருந்ததை வெட்டினார். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

துஷ்யா சந்தோஷமாகத் திரும்பி அஞ்சலீனாவைப் பார்த்தாள். கதிரை வெறுமையாக இருந்தது.

வெளியே நடைபாதையில், பிள்ளைகள் ஒட்டிவைத்த படங்களுக்குக் கீழே அஞ்சலீனா மேலங்கியைப் போட்டுக்கொண்டு நின்றாள். வென்றுவிட்டோம் என்று துஷ்யா சொன்னாள். சொல்லும்போதே ஏதோ பிசகிவிட்டது என்று தெரிந்தது.

“நான் உதைப் பாடத்திலை சேக்கச் சொல்லி மூண்டு வருசம் கேட்டனான், துஷ்யா. அம்மான்ரை கதை எண்டு சொல்லித்தான் கேட்டனான். பாப்பம் எண்டிச்சினம். நீ கேட்டவுடனை ஊத்திப்போட்டினம்.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் துஷ்யாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மூன்று வருடம்! பக்கத்து வகுப்பில் இருந்துகொண்டு இது தனக்குத் தெரியவில்லை. அஞ்சலீனாவும் சொல்லவில்லை, ஏன் சொல்லவேண்டும்? அதே கைகள், அதே தண்ணீர். குடித்தவர்களின் மகள் சொன்னால் வீண் கதை, ஊற்றியவர்களின் பேத்தி சொன்னால் பெரிய மனது. பத்மநாதன் மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல் வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லி, அப்பப்பாவின் பெயரைக் காட்டி, வரிசையில் முன்னுக்குப் போய்ச் செம்பை வாங்கியவள் அவள்தானே.

அவள் திரும்ப உள்ளே போனாள். குழு அடுத்த விடயத்துக்குப் போயிருந்தது, ஆண்டு விழாச் சிற்றுண்டிக்கு வடையா பற்றிஸா என்ற விவாதம். துஷ்யா உட்காரவில்லை. புத்தகத்தில் இரண்டு பெயர் வரவேண்டும், அஞ்சலீனாவின் பெயர் முதலில் என்றாள். அந்த அத்தியாயம் யாருடைய அம்மாவின் கதை என்று முன்னுரையில் எழுதவேண்டும், வெளியீட்டன்று மேடையில் அதை வாசிப்பது அஞ்சலீனா என்றாள்.

நகுலேஸ்வரி பேனாவை மூடினார். பெற்றோர் பலவிதமான ஆட்கள், எல்லாரையும் அணைத்துக்கொண்டு போகவேண்டும், யோசித்துச் சொல்கிறோம் என்றார் பத்மநாதன். அந்தக் குழுவில் யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன பொருள் என்று மூன்று வருடமாக அஞ்சலீனாவுக்குத் தெரியும். இப்போது துஷ்யாவுக்கும் தெரிந்தது.

மேசையில் கிடந்த கையெழுத்துப் பிரதியை அவள் திருப்பி எடுத்துக்கொண்டாள். இரண்டு வருட உழைப்பு, வாசிக்க இனி ஒரு வகுப்பும் இல்லை. தாள்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். பத்மநாதன் உண்மையாகவே விளங்காமல், கவலையோடுதான் கேட்டார்.

“நீங்கள் ஏன் பிள்ளை இவ்வளவு கோவிக்கிறியள்? இது உங்கடை ஆக்களின்ரை பிரச்சினையே இல்லையே.”

“கிணறு எங்கடை, அண்ணை,” என்றாள் துஷ்யா. “அப்ப ஆரின்ரை பிரச்சினை?”